அன்னம் கொக்கான கதை

வீரவநல்லூரில் துணிக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில் சேரன்மகாதேவியைத் தாண்டினால் எங்கள் ஊர். என் சின்ன வயதில் நெசவாளர் தெருக்களில் விடியும்போதே தறிச்சத்தம் கேட்கும். வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்குப் பாவை, அதாவது தறியில் நெடுக்கே ஓடுகிற இழைகளை, விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, நீவிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைத் தொட்டுவிடாமல் சுவரோரமாக ஒதுங்கித்தான் போக வேண்டும். புத்தகப் பை பட்டு ஓர் இழை அறுந்தாலும் கிடைக்கிற வசவு தெருமுனை வரைக்கும் கூடவே வரும்.

அப்படியொரு ஊரிலிருந்து, ஏழாம் வகுப்புத் தையல் பாடத்துக்கு அரை மீட்டர் துணி எடுக்க அம்மா என்னைத் திருநெல்வேலி டவுனுக்குக் கூட்டிப்போனாள். பக்கத்து வீட்டுத் தாத்தாவால் அதைப் பொறுக்கவே முடியவில்லை. அவர் குழித்தறிக்காரர், சௌராஷ்டிரர். வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் எங்களிடம் ஊர்த் தமிழும் பேசுவார்.

"நெய்யுத ஊர்ல இருந்துக்கிட்டு துணி எடுக்க டவுனுக்கா போறிய? எனக்குத் தெரியாத துணி என்ன துணி அது?"

"மேட்டி துணியாம் மாமா. கிராஸ் ஸ்டிச் போடணுமாம். டீச்சர் அதுதான் வேணும்னுட்டாங்க."

தாத்தா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். கோபம் வந்தால் அவர் செய்வது அது ஒன்றுதான்.

டவுனில் ரத வீதியிலிருந்த கடையில் லாங்கிளாத், பாப்ளின், கேம்பிரிக், மல், காடா என்று வெள்ளைத் துணிகளே ஒரு சுவரை அடைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் அதிகம் கேட்காத இடத்தில், மேட்டி கிடந்தது. கடைக்காரர் கட்டை உருவி மேஜைமேல் புரட்டியபோது தொப்பென்று விழுந்தது. தடித்த, மங்கல் வெள்ளைத் துணி. கையால் தடவினால் சொரசொரப்பு. கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் சூட்சுமம் தெரிந்தது. சாதாரணத் துணியில் ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே என்று ஓடும். இதில் இழைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றை ஒன்று ஏறி இறங்கின, ஓலைப்பாய் முடைந்த மாதிரி. சேர்ந்த இழைகள் சின்னச் சின்னச் சதுரங்களாக நின்றன. சதுரங்களின் நான்கு மூலையிலும் ஊசி நுழைகிற அளவுக்கு இடுக்கு. அந்த இடுக்குகளுக்காகத்தான் இந்தத் துணி.

எங்கள் தையல் டீச்சருக்கு இடையன்குடிப் பக்கம். அந்த ஊரைச் சொன்னாலே பாதிரியார் கால்டுவெல்லைச் சொல்வார்கள். டீச்சர் மட்டும் கால்டுவெல்லின் மனைவி எலிசாவைச் சொல்வார். நாகர்கோவிலில் 1820-களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா மால்ட். அவர் மகள்தான் எலிசா. 1844-இல் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்தபோது அம்மாவின் கைவேலையையும் கொண்டுவந்தார். நாகர்கோவிலில் அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிய காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று டீச்சர் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை. அந்த ஒரு தகவலால் எங்களுக்கு ஊசி நூல்மேல் மரியாதை வந்தது. தையல் வகுப்பை வெட்டிப் பொழுது என்று சொன்ன கணக்கு வாத்தியார்மேல் கொஞ்சம் குறைந்தது.

காம்புத் தையல், சங்கிலித் தையல், லேசி டெய்சி எல்லாம் எந்தத் துணியிலும் வரும். கார்பன் பேப்பரை வைத்துப் பூவை வரைந்துகொண்டு கோட்டின்மேல் ஊசியை ஓட்டினால் போதும். கிராஸ் ஸ்டிச்சுக்குத் துணிமேல் எதையும் வரைவதில்லை. படம் கட்டம் போட்ட தாளில் இருக்கும். துணியின் இழைகளை எண்ணி எண்ணி அதைத் துணிக்குக் கொண்டுவர வேண்டும். தாளில் ஒரு கட்டம், துணியில் ஒரு பெருக்கல் குறி. ஆகவே படத்தின் நீள அகலத்தைத் தீர்மானிப்பது தாளும் அல்ல, கையும் அல்ல, துணிதான். இதை டீச்சர் பிரசங்கமாகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பழைய அஞ்சலட்டை கொண்டுவரச் சொன்னார். நடுவில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சன்னல் வெட்டச் சொன்னார். சன்னலைத் துணிமேல் வைத்து, குண்டூசி முனையால் உள்ளே எத்தனை சதுரம் என்று எண்ண வேண்டும். முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே.

"ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வந்தாத்தான் அது நமக்கு ஆகும். வராட்டி பாவாடைக்குப் போடு, பையி தைச்சுக்கோ."

நான் கொண்டுபோன துணியில் குறுக்கே 11, நெடுக்கே 11. எனக்குப் பக்கத்திலிருந்தவளுக்கு ஒரு பக்கம் 11, மறுபக்கம் 10. மேட்டி என்று கேட்டு வாங்கினாலும் சதுரம் சதுரமாகவே வரும் என்று நம்ப முடியாது. பத்துக் கட்டப் பூவுக்கு அது தெரியாது. எழுபது கட்டப் படத்துக்குக் கட்டாயம் தெரியும்.

கணக்கும் அந்த அட்டையிலிருந்தே வந்தது. படம் 70 கட்ட அகலம், 84 கட்ட உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணியில் அது 5 அங்குலமும் 6 அங்குலமுமாக முடியும். 11 கட்டத் துணியில் அதே படம் ஆறேகால் அங்குலத்தையும் ஏழரை அங்குலத்தையும் தாண்டிப் போகும். அதற்கு மேல் நான்கு பக்கமும் மூன்று அங்குலம் விட்டு வெட்ட வேண்டும், சட்டம் போடவும் மடித்துத் தைக்கவும். அந்த மூன்று அங்குலத்தை மிச்சம் பிடிக்கிறவர்களைக் கண்டால் டீச்சருக்கு ஆகாது. மேட்டியின் வெட்டிய ஓரம் தொட்டாலே பிரியும். அதனால் துணி வந்ததும் முதல் வேலையாக நான்கு ஓரத்தையும் ஓரத்தையல் போட்டுக் கட்டிவிட வேண்டும். அதைச் செய்யாமல் பூப்போட உட்கார்ந்தவளின் துணி மாதக் கடைசியில் பாதி நூலாகிவிடும்.

நூலுக்குக் குறையில்லை. எங்கள் பக்கத்தில் பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், ஹார்வி மில் இருந்தது. 1974-இல் மதுரா மில்லும் கோட்ஸும் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆகிவிட்டதாகத் தாளில் இருக்கும். சனங்களுக்கு அது என்றைக்கும் ஹார்வி மில்தான். அந்த மதுரா கோட்ஸ் விற்ற ஆங்கர் நூலைத்தான் எல்லாரும் வாங்கினோம். ஒரு லச்சி 8 மீட்டர், அதில் ஆறு இழை. நிறத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். 403 என்றால் கறுப்பு, 46 என்றால் நல்ல சிவப்பு. அக்காமார் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஏதோ பஸ் நம்பர் சொல்கிறார்கள் என்றே தோன்றும்.

ஆறு இழையையும் சேர்த்துக் கோக்கக் கூடாது. எத்தனை இழை கோப்பது என்பதையும் துணிதான் சொல்லும். 11 கட்டத் துணிக்கு மூன்று இழை, 14-க்கு இரண்டு, 18 கட்டம் போன்ற பொடித் துணிக்கு ஒன்றே போதும். நூல் குறைந்தால் துணி பல்லிளிக்கும். கூடினால் தையல் புடைத்துக்கொண்டு நிற்கும். ஊசியும் அப்படியே. கூர் ஊசி இடுக்கை விட்டுவிட்டு இழையைக் குத்திப் பிளந்துவிடும். கிராஸ் ஸ்டிச்சுக்கு முனை மழுங்கிய மொட்டை ஊசி. 14 கட்டத்துக்கு 24-ஆம் நம்பர். எங்கள் கடைவீதியில் அது அகப்படாது. டீச்சரே டவுனிலிருந்து வாங்கிவந்து, எண்ணிக் கொடுத்து, மணியடித்ததும் எண்ணி வாங்கிக்கொள்வார்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வீட்டில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா மகள், என் அக்கா, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டிலிருந்தாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். தலையணை உறை, ரேடியோ உறை, மேஜை விரிப்பு என்று பெட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. பத்திரிகையிலிருந்து ஒரு ஜோடி அன்னப் படத்தைக் கட்டத்தாளில் எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு அன்னமும் 48-க்கு 48 கட்டம். வளைந்த கழுத்து, விரிந்த சிறகு. அதைப் போட அவள் எடுத்தது பக்கத்து வீட்டுத் தறியில் வேட்டிப் பாவிலிருந்து கிடைத்த வெள்ளைத் துண்டு. நல்ல கைத்தறி, பால் வெள்ளை, மேட்டியைப் போல முரடில்லை. அழகான துணி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நான்கு இழைக்கு ஒரு கட்டம் என்று கண்ணெரிய எண்ணி, முதல் அன்னத்தை முடித்தாள்.

அது கொக்காக வந்திருந்தது.

கழுத்து நெடுத்து, உடம்பு ஒடுங்கி, சிறகெல்லாம் மேலே இழுத்துக்கொண்டு நின்றது. அக்கா கட்டத்தாளோடு வைத்துப் பார்த்தாள். ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. பெரியம்மா, "நல்லாத்தானட்டி இருக்கு, குளத்துல நிக்கித கொக்கு" என்றதும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பிடிவாதக்காரி. துணியைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து இரண்டாவது அன்னத்தை ஆரம்பித்தாள். அது வாத்தாக வந்தது.

நான் அஞ்சலட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். இவ்வளவு பொடி இழையை எண்ண என் கண் காணவில்லை. தாத்தா கைத்தறிச் சொசைட்டியிலிருந்து ஒரு மடக்கு லென்ஸை வாங்கிவந்தார். பித்தளை, மூன்றாக மடியும். அடிப்பாகத்தில் அளவான சதுர ஓட்டை, மேலே கண்ணாடி. நெய்த துணியைக் கொடுக்கப்போனால் சொசைட்டிக்காரர் இதை வைத்துத்தான் குறுக்கே ஓடுகிற ஊடை இழை சரியாக விழுந்திருக்கிறதா என்று எண்ணுவார். குறைந்தால் கூலியில் கை வைப்பார். ஆகவே தாத்தாவுக்கு அந்தக் கருவிமேல் அன்பு கிடையாது. முற்றத்து வெயிலில் உட்கார்ந்து கொக்கின் பக்கத்தில் லென்ஸை நிறுத்தி எண்ணினார்.

"பாவு 64. ஊடை 48. எங்க கணக்கு சரியாத்தான் இருக்கு."

வேட்டிக்கு அது சரி. பாவு நெருக்கமாக இருந்தால்தான் தறியில் அடிதாங்கும், கட்டினால் உழைக்கும். ஊடை கொஞ்சம் விட்டு ஓடினால் துணி மெத்தென்றிருக்கும், வேலையும் சீக்கிரம் நகரும். அன்னத்துக்கு அது ஆகாது. 48 கட்டத்துக்கு நான்கு நான்காக 192 இழை. பாவுப் பக்கம் 192-ஐ 64-ஆல் வகுத்தால் மூன்று அங்குலம். ஊடைப் பக்கம் 48-ஆல் வகுத்தால் நான்கு அங்குலம். மூன்றங்குல அகலத்தில் நான்கங்குல உயரம் நின்றால் அது கொக்கு, திருப்பிவைத்தால் வாத்து. நான் மண்ணில் குச்சியால் வகுத்துக் காட்டினேன். தாத்தா வெகுநேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷ நெசவில் பாவும் ஊடையும் சமமாக இருக்கவேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இன்றைக்கும் துணிக்கடையில் என்னோடு வருகிறவர்களுக்கு நான் ஒரு தொல்லை. மென்மை, மினுமினுப்பு, நிறம், இதையெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். நான் கரை எங்கே என்று தேடுவேன். கரை ஓடுகிற திசைதான் பாவு. அது தெரிந்தபிறகு இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கவேண்டும். லினன் என்று விலை அதிகமுள்ள துணியை எடுத்துக் காட்டுவார்கள்; சட்டைக்கு நெய்த லினனில் பெரும்பாலும் பாவு ஒரு கணக்கு, ஊடை ஒரு கணக்கு. எம்பிராய்டரிக்கென்றே இரண்டு பக்கமும் சமமாக நெய்யும் லினன் வேறு. அதில் அங்குலத்துக்கு 28 இழை இருந்தால் இரண்டு இழைக்கு ஒரு கட்டமாகப் போடுவோம், 14 கட்டத் துணிக்குச் சமம். கால்தையல், முக்கால்தையல் வருகிற நுணுக்கமான முகங்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். சதுரத்தின் நட்டநடுவே ஊசி இறங்க அதில் வழியுண்டு. மேட்டியில் கட்டத்தின் நடுவைத் துளைத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தும்பை வெள்ளை கேட்டோம். கைவியர்வையும் தெருப்புழுதியும் பட்டு இரண்டு வாரத்தில் அது தானாகவே சந்தன நிறமாகிவிட்டது. சந்தன நிறத்தையே வாங்கியவள் புத்திசாலி. கறுப்புத் துணியில் பூக்கள் எடுப்பாக இருக்கும் என்று அக்கா ஒருமுறை கறுப்பு மேட்டி எடுத்தாள். பகலிலேயே இடுக்கு தெரியவில்லை. டீச்சர்தான் வழி சொன்னார்: மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு அதன்மேல் கறுப்புத் துணியைப் பிடி, ஓட்டை ஒவ்வொன்றும் வெள்ளையாகத் தெரியும். அப்படியே தெரிந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் முடியாது, அது வேறு விஷயம்.

இதற்கிடையில் சேலை ஆசை வந்தது. வழவழப்பான நைலெக்ஸ் சேலையில் கிராஸ் ஸ்டிச் போட்டு யாரோ கட்டிக்கொண்டு வந்ததைச் சித்தி ஒரு கல்யாண வீட்டில் பார்த்துவிட்டாள். அந்தச் சேலையில் எண்ணுவதற்கு இழையே கண்ணில் படாது. எப்படிப் போட்டிருப்பார்கள் என்று ஒருவாரம் தூக்கம் போயிற்று. கடைசியில் டீச்சர்தான் சொன்னார்: கேன்வாஸ். கஞ்சியேற்றி விறைப்பாக்கிய வலைத்துணியை வாங்கிச் சேலைமேல் வைத்து ஓட்டுத்தையலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வலையின் கட்டங்களை எண்ணி இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும். முடிந்ததும் நனைத்து, வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டால் பூ சேலையிலேயே நின்றுவிடும். துணி கொடுக்காத கணக்கை வெளியிலிருந்து இரவல் வாங்குகிற வித்தை.

உருவுகிற வேலைதான் எங்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு. அதற்கு இணையான சந்தோஷம் அந்த வயதில் எனக்கு வேறு இருந்ததில்லை. திண்ணையில் சேலையை நீளமாக விரித்து, பூக்களின்மேல் ஈரத்துணியை ஒற்றுவாள் சித்தி. கஞ்சி நெகிழ்ந்து கேன்வாஸ் தளர்ந்துகொடுக்கும். ஒரு நுனியை நகத்தால் கிள்ளித் துணியோடு ஒட்டினாற்போலக் கிடைமட்டமாக இழுக்க வேண்டும். மேலே தூக்கி இழுத்தால் தையலும் கூடவே எழும்பும். மண்டையில் குட்டு விழும். சர்ரென்று ஒரு இழை பூவுக்கு அடியிலிருந்து முழுசாக உருவிக்கொண்டு வருகிறபோது விரலில் ஒரு கூச்சம் ஓடும். நல்ல நெருக்கமான தையலாக இருந்தால் இழை பாதியில் அறுந்து உள்ளேயே நின்றுகொள்ளும். அதை இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒரு திசை இழைகளை முழுக்க உருவிவிட்டால் மறுதிசை இழைகள் தாமாகவே நழுவி வரும். சாயங்காலத்தில் திண்ணை முழுக்கச் சுருள் சுருளாய்க் கேன்வாஸ் நூல் கிடக்கும். பெரியம்மா அதைச் சுருட்டிப் பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொள்வாள்.

சித்தியின் சேலையில் ரோஜா நன்றாகவே வந்தது. ஆனால் எனக்கு இப்போதும் அந்த வேலைமேல் முழு மதிப்பு இல்லை. மெல்லிய சேலையில் கனத்த தையல் ஒட்டாது. பூ இருக்கிற இடம் மட்டும் இழுத்துக்கொண்டு, சுற்றிலும் துணி சுருங்கும். சித்தி அதை நாலு தடவைக்கு மேல் கட்டவில்லை.

டீச்சர் ஒருநாள் ஊட்டியிலிருந்து வாங்கிவந்த சால்வையை வகுப்புக்குக் கொண்டுவந்தார். தோடர்களின் பூத்துக்குளி. முரட்டு வெள்ளைத் துணி, அதில் சிவப்பும் கறுப்புமாக வரிவரியாய்க் கோலம். தோடர்கள் நெய்வதில்லை, துணி கீழ்நாட்டிலிருந்து வாங்குவது. பெண்கள் அதில் எதையும் வரைந்துகொள்ளாமல், கட்டத்தாளும் இல்லாமல், விரலால் தடவி இழையை எண்ணியே போடுகிறார்கள் என்றார். அது பெருக்கல் தையல் அல்ல, இழைகளுக்கு இடையே நுழைந்து நுழைந்து ஓடுகிற தையல். ஆனாலும் எண்ணுகிற வேலை ஒன்றுதான். துணி முரடாக, இழை தனித்தனியாகத் தெரிகிறதாக இருந்தால்தான் அந்த எண்ணிக்கை கைக்கு அகப்படும். மேட்டி முரடு என்று முகம் சுளித்தவர்களையெல்லாம் டீச்சர் அந்தச் சால்வையைத் தொட்டுப்பார்க்க வைத்தார். அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளில் படத்தைப் பார்த்தேன். அதே சிவப்பு, அதே கறுப்பு.

தாத்தாவின் மனதில் கொக்கு நின்றுகொண்டே இருந்திருக்கிறது. வேட்டிப் பாவு ஒன்று முடிகிற சமயம், கடைசியில் ஒரு முழம் மிஞ்சும். அதைச் சொசைட்டி கணக்கில் எடுக்காது. அந்த முழத்தில் அவர் தறிப் பலகையை இறுக்கி இறுக்கி அடித்து, வழக்கத்தைவிட நெருக்கமாக ஊடை ஓட்டினார். பக்கத்துத் தறிக்காரர்கள், "என்ன தாத்தா, பாறாங்கல்லா நெய்யுதீரு?" என்று கேலி பண்ணினார்கள். எனக்கு ஆவல் தாங்காமல் தறியிலிருக்கும்போதே அட்டையோடு போய் நின்றேன்.

"தறியில இருக்கையில எண்ணாத பிள்ள. அது இழுத்துக் கட்டிக் கிடக்கு, பொய் சொல்லும். எறக்கி, நனைச்சு, காய்ஞ்ச பொறவு எண்ணு. அப்பந்தான் அது துணி."

துணியைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில் இதற்கு மேலான ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை. பருத்தி நனைந்தால் சுருங்கும். நெடுக்கே ஒரு அளவு சுருங்கினால் குறுக்கே வேறு அளவு சுருங்கும். உடுத்துகிற துணியில், துவைக்கிற விரிப்பில் பூப்போடுவதானால் முதலில் நனைத்துக் காயவைத்து எண்ணிவிட்டுத்தான் ஊசியைத் தொடவேண்டும். தைத்து முடித்தபிறகு சுருங்கினால் படமே கோணிக்கொள்ளும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு மட்டும் நனைக்காமல் கஞ்சி விறைப்போடு தைக்கலாம். இடுக்குகள் பளிச்சென்று தெரியும்.

முழத்துண்டு காய்ந்ததும் தாத்தா லென்ஸை வைத்தார். பாவு 64. ஊடை 63. அவர் முகம் வாடிவிட்டது. மறுபடி வேறு இடத்தில் வைத்தார், 64. இன்னொரு இடத்தில் 64. ஓரிடத்தில் கை அசந்திருக்கிறது, அவ்வளவுதான். அக்கா அதில் நான்கு இழைக்கு ஒரு கட்டமாக அன்னத்தைப் போட்டாள். மூன்றங்குலத்துக்கு மூன்றங்குலம், கழுத்து கழுத்தாக, சிறகு சிறகாக உட்கார்ந்தது. டீச்சர் வழக்கப்படி முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், முடிச்சு உண்டா, நூல் தாவியிருக்கிறதா என்று. பிறகு முன்பக்கம், மேல் தையல் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறதா என்று. கடைசியாகத் துணியை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்து, "இது எந்தக் கடை?" என்றார்.

அக்காவின் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே படம், நூல், மொட்டை ஊசி, அளவாக வெட்டி மடித்த துணி. அய்டா என்று போட்டிருந்தது, 14 கட்டம். ஜெர்மனியில் நெய்தது என்று ஓரத்தில் அச்சு. ஸ்வைகார்ட் என்கிற நெசவாலை 1890 வாக்கில் இந்த நெசவைக் கொண்டுவந்தது என்பது பிற்பாடு நான் படித்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதைக் கையில் எடுத்ததும் வந்த பிரமிப்புதான். நான்கு நான்கு இழைகள் சேர்ந்து ஒரு கட்டமாகி, கட்டத்தின் மூலைகளில் ஊசியால் குத்திவைத்தது போன்ற தெளிந்த துளைகள். அட்டை வேண்டாம், குண்டூசி வேண்டாம், கண்ணை இடுக்க வேண்டாம். எந்தப் பக்கம் எண்ணினாலும் 14. தையல் போடாத இடத்திலும் துளைகள் தெரிந்துகொண்டே இருக்கும், அது ஒரு குறைதான். துணியும் அட்டைபோல விறைத்து நிற்கும், மடியில் விழாது. ஆனால் புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு முதல் துணி எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். மேட்டி கையில் கிடைத்தால் இரண்டாவதாக.

தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். லென்ஸைக்கூடக் கேட்கவில்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், நகத்தால் ஒரு கட்டத்தைப் பிரித்துப் பார்த்தார், ஓரத்து நூலை உருவி முறுக்கவிழ்த்து நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு எத்தனை விழுது கட்டியிருப்பான்?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். "நூலு நல்ல நூலு. ஒரு இழை கூடக் குறைய இல்ல. உடுத்த முடியாது, துடைக்க முடியாது. இதுக்குன்னு ஒருத்தன் தறி போட்டிருக்கானே."

வெட்டி எறிகிற ஓரத்தில் இரண்டு விரல் அகலம் தரமுடியுமா என்று அக்காவிடம் கேட்டு வாங்கி, இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார். மறுநாள் சொசைட்டித் திண்ணையில் பத்துப்பேர் அந்தத் துண்டை மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்க, தாத்தா நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "ஜெர்மன்காரன் பாத்தியா, எண்ணத் தெரியாதவளுக்குன்னு ஒரு துணி நெய்யுதான். அதுக்கும் வெலை சொல்லுதான் பாரு, நம்ம வேட்டியக் காட்டியும் ஒசத்தி!"